பல் படாத வலை

கோட்டைக்குப்பம்
பழவேற்காடு
14.5.2024

அன்புத் தம்பி ஜெகதீஸ்வரனுக்கு அக்கா அமுதவல்லி எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் சுகம். நைனாவுக்கு முட்டி வலி தவிர வேறு குறை இல்லை, சண்டை போடத் தெம்பு இருக்கிறது. நீ சுகம் என்று உன் கையால் எழுதினால்தான் நம்புவேன்.

பந்தயம் ஞாபகம் இருக்கிறதல்லவா? போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் கத்துகிறேன், அப்புறம் ஒரு மாதம் பேச்சு வார்த்தை இல்லை. அதனால் இனி கடிதம் மட்டும். யார் முதலில் போன் போடுகிறோமோ அவர் மற்றவருக்கு ஒரு கூடை நண்டு வாங்கித் தர வேண்டும். நான் தோற்கப் போவதில்லை, இப்போதே சொல்லிவிட்டேன்.

தடைக்காலம் என்பதால் படகெல்லாம் கரையில் ஏறிக் கிடக்கிறது. ஆம்பிளைகளுக்குச் சீட்டாட்டம், எங்களுக்குத்தான் தலைக்கு மேல் வேலை. தடை முடிவதற்குள் எல்லா வலைக்கும் அடிக்கயிற்றில் ஈயம் பூட்டியாக வேண்டும். பழைய பேட்டரி ஈயத்தை வாசலிலேயே இரும்புச் சட்டியில் உருக்கி, அச்சில் ஊற்றிக் குண்டு எடுக்கிறோம். மற்றது உனக்கே தெரியும். நாலைந்து குண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கயிற்றில் வைத்து, பல்லால் ஒரே கடி. "அமுதா கடிச்ச குண்டு, கயிறு அறுந்தாலும் அறும், குண்டு கயண்டு வராது"ன்னு வலை வியாபாரி நீலமேகம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். பல்லு அமுதா என்றால் ஆரம்பாக்கம் வரைக்கும் தெரியும், தெரியுமா உனக்கு?

நம் நாகம்மாள் அக்காவின் கடைசிப் பல்லும் போன வாரம் விழுந்துவிட்டது. அதுவும் அப்பளம் கடிக்கும்போது. "இனிமே நான் இன்னாத்தக் கடிக்கிறது? கயித்தப் புட்சினு குந்தினு இருக்க வேண்டிதுதான்" என்று ஒரே அழுகை. எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒரு சேதி இருக்கிறது, சொல்ல மாட்டேன். போன இரண்டு தடவையும் மூன்றாம் மாதமே ஊருக்கெல்லாம் சொல்லி, அப்புறம் அதே ஊர் வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனது. இந்தத் தடவை ஐந்து மாதம் முடியும் வரை வாய் திறப்பதில்லை என்று அம்மன் முன்னால் சொல்லிவிட்டேன். நீ ஒன்றும் கேட்காதே, நானும் ஒன்றும் சொல்லவில்லை.

உன் அக்கா,
அமுதா

ஒசூர்
27.5.2024

அக்காவுக்கு, நான் சுகம். என் கையால்தான் எழுதுகிறேன், நம்பு. நீ சொல்லாத சேதிக்கு நான் கேட்காத சந்தோஷம். நைனாவுக்கும் மாமாவுக்கும் என் வணக்கம்.

பேட்டரி கம்பெனியில் வேலை பிடித்திருக்கிறது. ஆனால் என் தாடி போய்விட்டது அக்கா! முகமூடி முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டுமாம், தாடி இருந்தால் இடுக்கு வழியே ஈயத் தூசி மூக்குக்குள் போகுமாம். முதல் நாளே சிரைத்துவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தால் ஒன்பதாம் வகுப்பு ஜெகதீசன் நிற்கிறான்.

இங்கே எல்லாவற்றுக்கும் சட்டம். வேலை உடுப்பு கம்பெனியிலேயே துவைப்பார்கள், வெளியே கொண்டு போகக் கூடாது. கை கழுவாமல் டீ குடித்தால் மேஸ்திரி பிடித்துக்கொள்வார். வேலை முடிந்தால் குளித்துவிட்டுத்தான் வாசல் தாண்ட வேண்டும். அதற்கு மேல் ரத்தப் பரிசோதனை. வேலைக்குச் சேரும்போது ஒரு தடவை, அப்புறம் இடைவெளி விட்டு விட்டு வருஷம் முழுக்க. ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று ஒரு நம்பர் வரும். நம்பர் ஏறினால் ஈயம் இல்லாத வேறு பிரிவுக்கு மாற்றுவார்கள், சம்பளம் குறையாது.

இதில்தான் ஒரு பேஜார். ஈயத்தைக் கையால் தொடும் முன்பே, சேர்ந்த அன்றைக்கே என் நம்பர் முப்பத்தொன்று! வருஷக்கணக்காக உலையடியில் நிற்பவர்களுக்கே அவ்வளவு இல்லை. கம்பெனி டாக்டர் மாலதி மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இதுக்கு முன்னாடி எந்த பேட்டரி பட்டறையில இருந்தீங்க? மறைக்காம சொல்லுங்க." நான் "ஏரியில மேடம், மீன் பிடிச்சிக்கிட்டு" என்றேன். அவர் நம்பவில்லை. எப்படியோ கெஞ்சிக் கூத்தாடித்தான் சேர்ந்தேன். ஏரித் தண்ணீரில் ஏது ஈயம்? எனக்கே விளங்கவில்லை.

அன்புத் தம்பி,
ஜெகதீசன்

கோட்டைக்குப்பம்
20.6.2024

தம்பிக்கு, எல்லோரும் சுகம். தாடி போனதற்கு ஊரில் கற்பூரம் ஏற்றினோம். நைனா மட்டும் "எம்புள்ள மூஞ்ச இப்பவாச்சும் பாக்கலாமே"ன்னு குஷியாகிவிட்டார்.

தடை முடிந்து படகெல்லாம் இறங்கிவிட்டது. ஆனாலும் வேலை ஓயவில்லை. நீலமேகம் ஆந்திரா பக்கத்திலிருந்தும் வலை கொண்டுவந்து குவிக்கிறார். கை ஒழியவில்லை என்றுதான் கடிதம் தாமதம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், எனக்காக இல்லை. நாகம்மாள் அக்காவுக்குக் கொஞ்ச நாளாக வயிற்றைச் சுருட்டிச் சுருட்டிப் பிடிக்கிறது. வெளிக்குச் சரியாகப் போவதில்லை. வாயில் எந்நேரமும் காசு நக்கியது போல ஒரு ருசி. வலது மணிக்கட்டில் பிடியே இல்லை, போன வாரம் குடம் நழுவி விழுந்தது. பாவம், குண்டு கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது என்றும் சொல்கிறது. உங்கள் டாக்டரம்மா இதற்கெல்லாம் என்ன சொல்வார் என்று சும்மா கேட்டு எழுது. அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் சீக்கிரம் எழுது.

அமுதா

ஒசூர்
29.6.2024

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

நாகம்மாள் அக்காவுக்குப் பல்லே இல்லையே? கடைசிப் பல் அப்பளத்தோடு போனதென்று நீதானே எழுதினாய். பல் இல்லாத வாய் குண்டை எதால் கடிக்கும்? யாரை டபாய்க்கிறாய்?

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே மாலதி மேடத்திடம் போனேன். வாசலில் ஈயம் உருக்குவதையும், குண்டைக் கன்னத்தில் அடக்குவதையும், பல்லால் கடிப்பதையும் சொன்னேன். நானும் பத்து வயதிலிருந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து கடித்தவன்தானே. அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஜெகதீஸ்வரன், சேரும்போது இதை ஏன் சொல்லலை?" என்றார். வலை வேலையை ஈய வேலை என்று நம் ஊரில் எவன் நினைத்தான்?

இன்னும் ஒன்று கேட்டார். வீட்டில் கர்ப்பமாக யாராவது இருக்கிறார்களா என்று. உன் ஆணையை மீறிச் சொல்லிவிட்டேன். அம்மன் என்னைத் திட்டினால் திட்டட்டும். அம்மாவின் ரத்தத்தில் இருக்கும் ஈயம் பிள்ளைக்கும் போகுமாம் அக்கா. கரு கலைவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், முன்னால் நடந்ததற்கு அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

வாயில் இருப்பதைத் துப்பு. இன்றைக்கே. சட்டி அடுப்பை அணை. சென்னையில் எங்கே ரத்தம் கொடுப்பது என்று மேடம் எழுதிக் கொடுத்ததை இத்துடன் வைத்திருக்கிறேன். மாமாவைக் கூட்டிக்கொண்டு போ.

ஜெகதீசன்

ஒசூர்
19.7.2024

அக்கா, சுகமா? சுகம் என்று ஒரு வரி எழுதேன்.

மாமாவுக்குப் போன் போட்டேன், அது பந்தயத்தில் சேராது. "நல்லாக் கீறா"ன்னு மட்டும் சொன்னார். நல்லா இருக்கிறவள் ஏன் பேச மாட்டேன் என்கிறாள் என்று கேட்டால் லைனைத் துண்டித்துவிட்டார். நான் எழுதியது கடுமையாக இருந்தால் மன்னித்துக்கொள். திட்டியாவது எழுது. உன் திட்டு இல்லாமல் சோறு இறங்கவில்லை.

ஜெகதீசன்

கோட்டைக்குப்பம்
30.7.2024

தம்பி, நான் இருக்கிறேன். அதுவும் இருக்கிறது.

உன் கடிதம் படித்த அன்றைக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எத்தனை பேர் வாயில் எத்தனை காலமாகக் கடிக்கிறோம், எனக்கு மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டதா என்று உன் கடிதத்தைச் சுருட்டி எறிந்தேன். அப்புறம் ஒரு ராத்திரி முழுக்க அழுகை. எல்லாரும் பாராட்டின பல்லாலேயே என் பிள்ளைகளை நானே தின்றுவிட்டேனோ என்று. உன் மாமா கிட்ட வந்து உட்கார்ந்து, "தெரிஞ்சி செஞ்சியா? தெரியாம செஞ்சதுக்கு இன்னாத்துக்கு உன்ன நீயே அடிச்சிக்கிறே? இத காப்பாத்தலாம் வாம்மே"ன்னு சொன்னார். அந்த மனுஷனுக்கு அவ்வளவு பேச வரும் என்று எனக்குத் தெரியாது. மறுநாளே மீஞ்சூர் போய் ரயில் பிடித்தோம்.

நம்பர் முப்பத்தாறு. உன்னையும் தாண்டிவிட்டேன், பார். டாக்டர் வயிற்றில் கருவி வைத்துத் தேய்த்து, டக் டக் டக் என்று சத்தம் கேட்கச் செய்தார். இதயம் துடிக்கிறதாம். "இன்னையோட ஈயத்தத் தொடாதீங்க, இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, பால், கேழ்வரகு, முருங்கைக் கீரை. மாசா மாசம் ரத்தம் பாப்போம், இறங்கும்" என்றார். இறங்கும் என்று சொன்னார்டா. அந்த ஒரு வார்த்தையை மடியில் கட்டிக்கொண்டு வந்தேன்.

சட்டி அடுப்பை அணைத்துவிட்டேன். வாசல் மண்ணைச் சுரண்டி அள்ளி, தண்ணீர் தெளித்துத்தான் உன் மாமா பெருக்குகிறார். ஆனால் நான் மட்டும் பிழைத்து என்ன? என் பக்கத்தில் பதினைந்து பொம்பளைகள் உட்கார்ந்து கடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் புதுசாகக் கல்யாணமான ஐஸ்வர்யாவும் இருக்கிறாள். குறடு வைத்து நசுக்கலாம் என்றேன். நீலமேகம் உடனே, "குறட்டுல நசுக்குனது நாலு வீச்சு தாங்காது. பல்லுன்னா பல்லுதான். பல்லு இல்லனா ஆர்டரும் இல்ல"ன்னு சொல்லிவிட்டார். சாதாக் குறட்டில் நசுக்கிப் பார்த்தேன். குண்டு வழுக்குகிறது, கயிறு நைந்து போகிறது. அந்த ஆள் சொல்வதும் பொய் இல்லை. நீ ஏதாவது வழி பண்ணு.

அக்கா

ஒசூர்
17.8.2024

அக்கா, நான் சுகம், நீ சுகம், அது சுகம். இனி இந்த வரிசையில்தான் எழுதுவேன்.

இத்துடன் வரும் பார்சலை ஜாக்கிரதையாகப் பிரி. உள்ளே மூன்று குறடு இருக்கும். எங்கள் பட்டறை ஃபிட்டர் ஜெரோம் அண்ணனிடம் ஒரு குண்டைக் காட்டினேன். "பல்லு எப்படிக் கடிக்கும்? மேலயும் கீழயும் குழி இருக்கு, அதான் வழுக்கல" என்று சொல்லி, குறட்டின் வாய் இரண்டிலும் குண்டு அளவுக்குக் குழி தோண்டினார். கயிறு படும் இடத்தை மழுங்கத் தேய்த்துவிட்டார். குண்டை அந்தக் குழியில் வைத்து ஒரே அழுத்து. நான் இங்கே பத்துக் குண்டு பூட்டி, மாடியிலிருந்து தொங்கவிட்டு மூன்று பேர் இழுத்தோம். ஒன்றும் அசையவில்லை.

நீ தொடாதே. உன்மேல் சத்தியம், என்மேல் சத்தியம், அதன்மேலும் சத்தியம். நாகம்மாள் அக்கா கையில் கொடு.

ஜெகதீசன்

கோட்டைக்குப்பம்
25.9.2024

என் ராஜா தம்பிக்கு! அக்கா சுகம், மாமா சுகம், அது உள்ளே உதைத்துக்கொண்டு சுகம். ஐந்து மாதம் தாண்டியாயிற்று, ஊருக்கும் சொல்லியாயிற்று. நீ ஜெரோம் அண்ணன் காலில் என் சார்பாக விழு.

நடந்ததைக் கேள். குறட்டைக் கண்டதும் நாகம்மாள் அக்கா, "எனுக்குப் பல்லு மொளச்சிட்ச்சிடி"ன்னு கூவிவிட்டது. ஒரு வலை முழுவதும் அது ஒண்டியாகவே பூட்டியது, கையில் உறை போட்டுக்கொண்டு. நான் எட்ட உட்கார்ந்து வாயால் மட்டும் வேலை செய்தேன். அதாவது பேசினேன். வலை முடிந்ததும் நீலமேகத்தைக் கூப்பிட்டேன்.

"தோ பாருண்ணா, இது நாகம்மாக்கா குறட்டுல பூட்டுன வலை. அது மே மாசம் நான் பல்லால பூட்டி இன்னும் தண்ணி காணாத வலை. ரெண்டையும் ஒரே படகுல கட்டி முகத்துவாரத்து மணல்ல இழுப்போம். குறட்டு வலையில ஒரு குண்டு கயண்டாலும் நான் மறுபடி கேக்கமாட்டேன்."

"பல்லு அமுதாவ ஒரு பொக்கவாய் ஜெயிக்குமா? சரி, இன்னா ஆவுதுனு பாத்துடலாம்" என்று அந்த ஆளும் படகில் ஏறிக்கொண்டார்.

தம்பி, தோற்றால் அத்தனை வாயும் மறுபடி ஈயத்துக்குப் போகும். ஜெயித்தால் தோற்பது என் பல்லு. படகு வடக்கே போய்த் திரும்பி, தெற்கே போய்த் திரும்பி, உன் மாமா வேண்டுமென்றே கிளிஞ்சல் மேட்டின் மேலேயே இழுத்தார். கரையில் ஊரே நின்றது. வலையை மணலில் விரித்து, நீலமேகமே முட்டி போட்டு, குண்டு குண்டாகத் தடவிப் பார்த்தார். என் வலையில் ஏழு குண்டு போயிருந்தது. நாகம்மாள் அக்கா வலையில் ஒன்று கூடப் போகவில்லை!

ஐயோ, அந்தச் சத்தம் ஒசூருக்குக் கேட்டிருக்க வேண்டுமே! ஐஸ்வர்யா நாகம்மாள் அக்காவைத் தூக்கிச் சுற்றினாள். அது பொக்கைவாயைத் திறந்து சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "தோத்தவ நீ, குலவ போடு"ன்னு சொன்னது. போட்டேன்டா. தோற்றதற்குக் குலவை போட்ட முதல் பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

நீலமேகம் எழுந்து முட்டி மணலைத் தட்டிக்கொண்டு, "இனிமே குறட்டுலதான் பூட்டணும், வாயில வச்சா வலைய வாங்கமாட்டேன்"னு தான்தான் கண்டுபிடித்ததுபோல அறிவித்தார். போகட்டும். குண்டும் இனி வெளியே பட்டறையிலிருந்து செய்தே வருமாம், வாசலில் உருக்க வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறே உங்கள் மாலதி மேடம் ஒரு நர்ஸோடு வந்து பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். நீ சொல்லித்தான் வந்தார் என்று தெரியும், ஒன்றும் தெரியாதது போல எழுதாதே. "ரத்தம் எடுத்தா தெம்பு பூடும்"னு எல்லாரும் வாசலிலேயே நின்றார்கள். நாகம்மாள் அக்காதான் முதலில் கையை நீட்டியது. அப்புறம் வரிசை. நம்பர் வந்தபோது இரண்டு பேருக்கு என்னைவிட அதிகம். உங்கள் கம்பெனிச் சட்டத்தையே நாங்களும் வைத்துக்கொண்டோம். நம்பர் ஏறியவர்களுக்கு ஈயம் படாத நூல் வேலை மட்டும், கூலி எல்லாருக்கும் சமம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லாருக்கும் ரத்தம் பார்க்க நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவும் ஒத்துக்கொண்டார்.

என் நம்பர் இப்போது இருபத்திரண்டு. மணிக்கட்டில் பிடி வந்துவிட்டது. உன் நம்பர் எவ்வளவு?

பல்லு அமுதா (இனி பட்டம் மட்டும்தான்)

ஒசூர்
21.10.2024

அக்காவுக்கு, அதற்கு, மாமாவுக்கு, நைனாவுக்கு எல்லாம் சுகம் கேட்கிறேன்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் நின்று சத்தமாகப் படித்தேன். ஏழு குண்டு என்ற இடத்தில் ஜெரோம் அண்ணன் மேசையைத் தட்டிய தட்டில் சாம்பார் கொட்டியது.

என் நம்பர் பதினாறு! யோசித்துப் பார் அக்கா. ஊரிலிருந்து ஈயத்தோடு வந்தேன், ஈயக் கம்பெனியில் வந்து இறக்கிக்கொண்டிருக்கிறேன். மேடத்துக்கே சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. இனி புதிதாகச் சேர வருகிறவர்களிடம் முன்பு எந்தப் பட்டறையில் இருந்தாய் என்பதோடு, வலையில் ஈயம் பூட்டியதுண்டா என்றும் கேட்கிறார்கள். நேற்று கடலூர்ப் பையன் ஒருவன் "ஆமாம்" என்றான். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

உன்னால் என்னைப் பிடிக்க முடியாது. பதினாறு எங்கே, இருபத்திரண்டு எங்கே!

ஜெகதீசன்

பழவேற்காட்டிலிருந்து சென்னை வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில்
14.12.2024

தாய்மாமன் ஜெகதீஸ்வரன் அவர்களுக்கு,

நான் சுகம். அவளும் சுகம்.

ஆமாம், அவள். நேற்று காலை, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது பிறந்தாள். உன் மாமா வராந்தாவில் நின்று அழுகிறார், நர்ஸ் கேட்டால் மழைச்சாரல் என்கிறார். எடை நல்ல எடை. கை கால் பார்த்தேன், விரல் எண்ணினேன், மறுபடி எண்ணினேன். அவள் ரத்தத்தையும் பார்த்துவிட்டார்கள். கொஞ்சம் இருக்கிறதாம். பயப்படும் அளவில் இல்லை, தொடர்ந்து பார்த்துக்கொள்வோம், குறையும் என்றார் டாக்டர். குறையும் என்றால் குறையும். அதை நான் கண்ணால் பார்த்தவள்.

என் நம்பர் பதினொன்று. நன்றாகப் படி, பதினொன்று! உன்னை முந்திவிட்டேன். உலையடியில் நிற்கிறவன் நீ, பாவம், என்ன செய்வாய்?

நாகம்மாள் அக்கா குழந்தையைப் பார்க்க ரயிலேறி வந்தது. கை கழுவிவிட்டுத் தூக்கியது, நான் சொல்லாமலே. அவள் கொட்டாவி விட்டாள். அக்காவும் பொக்கைவாயைத் திறந்து பதிலுக்குச் சிரித்தது. "என் செட்டுடி இவ"ன்னு வார்டு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிகிறது.

காது குத்த உன் மடி வேண்டும். அதற்கு முன்னால் குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டு வா, அது உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் சேதி உனக்குத் தெரிந்திருக்கும். ஏனென்றால் இதை மடித்து உறையில் போட்டதும் உனக்குப் போன் போடப் போகிறேன். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். போனை அவள் வாய்க்குப் பக்கத்தில் வைப்பேன். இதோ பசியில் சிணுங்க ஆரம்பித்துவிட்டாள், அழட்டும், நீ நன்றாகக் கேள்.

பந்தயத்தில் தோற்றவள் நான்தான். நண்டுக்குக் கூடையோடு வந்து சேர்.

உன் அக்கா,
அமுதா